காம்பு ஆய்ந்த கை

எங்கள் பக்கத்து மலையில் புளிக்கென்று தகரக் கூரை போட்டுக் கொட்டகை கட்டிய முதல் ஆள் நான். படித்தது மூன்றாம் வகுப்பு. பதினோரு வயதில் தலையில் புளி மூட்டையோடு ஆலங்காயம் சந்தைக்கு இறங்கினேன். இருபத்தைந்தில் மரங்களைக் குத்தகைக்குப் பிடித்தேன். நாற்பதில் சொந்த லாரியில் சரக்கு ஏற்றினேன். ஆழ்துளைக் கிணறு போட்டபோது மூன்று இடத்தில் புழுதிதான் பறந்தது, ஊரே சிரித்தது. நான்காவது இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சிரித்தவர்கள்தான் முதலில் குடத்தோடு வந்து நின்றார்கள். மாடி வீடு கட்டினேன். பள்ளிக்கூடத்துக்கு நாலு மின்விசிறி வாங்கிக் கொடுத்தேன்.

எதிலும் என் பேரை எழுதாமல் விட்டதில்லை. கொட்டகை நெற்றியில், லாரிக் கண்ணாடிக்கு மேலே, மோட்டார் அறைக் கதவில் எல்லாம் 'மு. கோவிந்தன்' என்று இருக்கும். மின்விசிறி இறக்கையிலும் எழுதச் சொன்னேன். "சுத்தும்போது எவன்ணா படிப்பான்?" என்றான் என் தம்பி முருகேசன். கரண்ட் போகும்போது படிக்கட்டும் என்றேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான். ஆனால் இத்தனையும் கட்டிய ஆள், போன சித்திரையில், முக்கால் கிலோகூட இல்லாத ஒரு பிராணிக்காக வேலூரில் ஒரு பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்து பயந்தேன். அந்த நாலு நாளைத்தான் எழுத வந்தேன். வீட்டில் இதுபோல் ஏதாவது வளர்ப்பவர்கள் படித்துவையுங்கள்.

பிராணியின் பேர் சில்லு. சின்சில்லா என்று ஒரு ஜாதி. அணில் வால், எலி மூஞ்சி, முயலுக்குக் காது கொஞ்சம் சின்னதாக இருந்தால் எப்படியோ அப்படிக் காது. எங்கோ கடல் தாண்டி, குளிர் மலையில் பிறந்த இனமாம். உடம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் முடி. சாதாரண முடி இல்லை, விரலை விட்டால் தோல் தட்டுப்படாது, அத்தனை அடர்த்தி. அதைத் தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது. நைசான மணலில் தானே புரண்டு குளிக்கும். அந்தத் தூசிதான் என் மாப்பிள்ளைக்கு ஆகவில்லை, மூச்சு இழுத்தது. பெங்களூரில் இதை வளர்த்துவந்த என் மகள் கவிதா கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் கூண்டோடு மலையேறி வந்தாள்.

"நைனா, நம்ம மலைதான் இதுக்கு ஏத்த எடம். புல்லு பாக்கெட்டு நான் அனுப்பிடுறேன். அப்படியே போடு. நீ எதுவும் புதுசா செய்யாத, சரியா?"

"சரிம்மா" என்றேன். அந்த 'சரிம்மா'வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வருஷம் சில்லு எங்களோடு நன்றாகத்தான் இருந்தது. கொட்டகைக்குப் பக்கத்து அறையில் ஏசி போட்டேன். மலையில் ஏசி போட்டவனும் நான்தான். தரையில் ஒரு கருங்கல் பலகை போட்டேன். பகலில் அதன்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். காலையில் கூண்டிலிருந்து கல்லுக்கும், சாயங்காலம் கல்லிலிருந்து கூண்டுக்கும் நான்தான் தூக்கி வைப்பேன். வேறு யார் கையிலும் போகாது.

பங்குனி கடைசியில் ஒரு நாள் தூக்கினேன், கை ஒரு மாதிரி இருந்தது. ஐம்பது வருஷம் புளி தூக்கின கை இது. மூட்டையைத் தொட்டதும் ஈரம் எவ்வளவு, கல் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். அந்தக் கை சொன்னது: இது நேற்றைய சில்லு இல்லை.

"மல்லிகா, சில்லு எளச்சிட்டிருக்குது" என்றேன் என் மனைவியிடம்.

அவள் எட்டிப் பார்த்தாள். "பந்து மாரி இருக்குது. எங்க எளச்சிது? உங்க கைக்குத்தான் வயசாய்டுச்சி."

பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும். அந்த முடிக்குள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தேன் விற்கும் கடையிலிருந்து சின்னத் தராசை வாங்கி வந்தேன். ஒரு தகர டப்பாவில் சில்லுவை உட்காரவைத்து நிறுத்தேன். கவிதா கொண்டுவந்து விட்டபோது எழுதிவைத்த சீட்டில் ஐந்நூற்றுத் தொண்ணூறு கிராம் என்று இருந்தது. தராசு ஐந்நூற்றுப் பத்து காட்டியது. தராசு கோளாறோ என்று ஒரு கிலோ சர்க்கரையை வைத்துப் பார்த்தேன். தராசு சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் நானூற்று எழுபது.

அன்றிலிருந்து கூண்டு முன்னாலேயே உட்கார்ந்து பார்த்தேன். தட்டில் தீனி இருக்கிறது. ஓடி வருகிறது, ஒரு துண்டை முன்னங்கையில் எடுக்கிறது, வாயில் வைக்கிறது, கீழே போட்டுவிட்டு என்னைப் பார்க்கிறது. பசியில்லாத பிராணி ஓடி வருமா? ஓடி வந்து ஏன் தின்னவில்லை? வயிற்றில் கட்டியா, புழுவா, யாராவது விஷம் வைத்தார்களா என்று என்னென்னவோ தோன்றியது. போனில் கவிதா கேள்விமேல் கேள்வி கேட்டாள். கடைசியில் மல்லிகா தயங்கித் தயங்கி, தினம் ரெண்டு உலர்ந்த திராட்சை கொடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"யம்மா! இனிப்பே ஆகாதுன்னு எத்தன தபா சொன்னேன்!" என்று கத்தினாள் கவிதா.

நானும் சேர்ந்து கத்தினேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். "வாயில்லா ஜீவன சாவடிக்கப் பாத்தியாடி" என்றேன். மல்லிகா எழுந்து உள்ளே போனாள்.

எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் நல்ல மனுஷன். கூண்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். "ஐயா, நான் மாடு, ஆடு, கோழி பாக்குறவன். இத படத்துலதான் பாத்திருக்கேன். தெரியாம ஒரு ஊசி போட்டு எதுனா ஆய்டுச்சின்னா என்னால தூங்க முடியாது. வேலூர்ல இந்த மாரி சின்ன ஜீவனுக்குன்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க. போங்க, நாள் கடத்தாதீங்க" என்றார்.

போங்க என்று சொல்வது சுலபம். சித்திரை வெயில். சின்சில்லாவுக்கு வேர்க்காது. சூடு பட்டால் நாம் வேர்த்துத் தப்பிப்போம், அது உள்ளேயே வெந்துபோகும். மலையில் இருந்தால் நோயில் போகும், இறக்கினால் வெயிலில் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, விடிவதற்குள் வேலூர் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். முருகேசன் ஜீப்பை எடுத்தான். ஐஸ் பாட்டில்களைத் துண்டில் சுற்றிக் கூண்டைச் சுற்றி அடுக்கினோம். மல்லிகாவும் ஏறிக்கொண்டாள், நாலு மணிக்குக் கிளம்பினோம்.

சந்தவாசல் தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. என் லாரிகளில் மாற்று டயர் இல்லாமல் ஒரு நாளும் வண்டி கிளம்பியதில்லை, இது என் தம்பி வண்டி. பஞ்சர் போடும் ஆளை எழுப்பி வேலை முடிவதற்குள் பொழுது ஏறிவிட்டது. ஐஸ் எல்லாம் தண்ணீர். சில்லு காதை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தது. காது சிவந்துகொண்டு வந்தது. உள்சூடு காதில்தான் முதலில் தெரியும் என்று கவிதா சொல்லியிருந்தாள்.

"ண்ணா, ஓட்டட்டா, நிறுத்தட்டா?" என்றான் முருகேசன். கூண்டைத் துண்டால் விசிறிக்கொண்டே, ஓட்டு என்று கை காட்டினேன். 

கண்ணமங்கலத்தில் ஒரு ஜூஸ் கடை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தது. மல்லிகா நிறுத்தச் சொல்லி, வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடினாள்.

"இன்னாம்மா, எலிக்கா ஐஸு?" என்றார் கடைக்காரர், கூண்டைப் பார்த்து.

"எலி இல்லப்பா. எங்க வூட்டுப் புள்ள."

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். "அப்ப காசு வேணாம்மா. எடுத்துனு போ" என்று ஒரு பெரிய கட்டியை உடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். அவர் பேர் தெரியாது. தெரிந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கவிதா பெங்களூரிலிருந்து வந்து, டோக்கன் போட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே நாய், பூனை, முயல் என்று கூட்டம். வெள்ளைப் பூனையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா என் கூண்டை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தாத்தா, பெருச்சாளியா? கால்வாயில புடிச்சீங்களா?"

"பெருச்சாளிதாம்மா. ஆனா உன் பூனைக்கு முன்னாடியே டோக்கன் போட்ட பெருச்சாளி" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் சில்லு மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த தன் இடத்தை எங்களுக்கு விட்டுக் கொடுத்தாள்.

டாக்டரம்மா நிறுத்தபோது நானூற்று நாற்பது. முகவாய்க்கட்டையில் முடி ஈரமாக இருப்பதைக் காட்டினார். எச்சில் ஒழுகியிருக்கிறது, அதை நான் தண்ணீர் குடித்த ஈரம் என்று நினைத்திருந்தேன். என்ன தீனி, எவ்வளவு என்றெல்லாம் கேட்டார். கவிதாவே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "புல்லு பாக்கெட்டுல வர்றதுதான் மேடம், அப்படியே போடுறாங்க. அம்மா மட்டும் திராட்ச குடுத்துட்டாங்க." டாக்டரம்மா எழுதிக்கொண்டார். மல்லிகா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காது பார்க்கும் விளக்கை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். புழுக்கையைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். புழு இல்லை. பிறகு எக்ஸ்ரே. ஒரு மணி நேரம் கழித்து எங்களை உள்ளே கூப்பிட்டு, வெளிச்சப் பலகையில் சில்லுவின் மண்டை ஓட்டைக் காட்டினார். என் கட்டைவிரல் அளவு மண்டை.

"ஐயா, நம்ம பல்லு மொளச்சா அதோட நின்னுடும். இதுக்கு அப்படி இல்லீங்க, சாகற வரைக்கும் எல்லாப் பல்லும் வளந்துனே இருக்கும். கரடான புல்லுக் காம்ப மணிக்கணக்குல மென்னு மென்னு தேச்சிக்கணும். தேயலன்னா கடவாப்பல்லு ஓரம் கூராய்டும். பாருங்க, நாக்க அறுத்திருக்கு. பசிக்குது, ஓடி வருது, மெல்ல முடியல. வேரும் தாடைக்குள்ள கொஞ்சம் நீண்டிருக்கு." பிறகு கவிதாவிடம் திரும்பினார். "காம்பு நெறைய தின்னா இவ்ளோ ஆகாதேம்மா. தின்னுதா?"

"பாக்கெட்டு காலியாகுதே மேடம்."

பாக்கெட் எப்படிக் காலியானது என்று எனக்குத்தான் தெரியும்.

புளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடு உடைக்க வேண்டும், நார் உரிக்க வேண்டும், கொட்டை எடுக்க வேண்டும். ஒரு நார் இருந்தாலும் சந்தையில் சரக்கைத் தள்ளிவிடுவான். கோவிந்தன் சரக்கில் நார் இருக்காது என்று பேர் வாங்கியவன் நான். பெங்களூரிலிருந்து வந்த புல்லைப் பார்த்தேன், குச்சி குச்சியாகக் காம்பு. இந்தப் பூப் போன்ற வாய்க்கு இது குத்தாதா? தினம் சாயங்காலம் உட்கார்ந்து, புளிக்கு நார் எடுப்பது போலக் காம்பை எல்லாம் ஆய்ந்து தள்ளிவிட்டு, மெத்தென்ற இலையை மட்டும் போட்டேன். ஒன்றரை வருஷம், ஒரு நாள் தவறாமல். சில்லு துண்டைக் கீழே போட ஆரம்பித்ததும், போதவில்லை போல என்று இன்னும் நைசாக ஆய்ந்தேன். ஆய்ந்த காம்பு பக்கத்து மாட்டுக்குப் போனது. மாடு கொழுத்தது.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 

மயக்கம் கொடுத்துக் கூர்ப்பல்லைத் தேய்த்து ராவ வேண்டும் என்றார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் நான். 'மயக்க நிலையில் உயிரிழப்பு நேரிட்டால்' என்ற இடத்தில் 'உயி', 'உயிரி' என்று கூட்டியவன், அதற்கு மேல் படிக்காமல் பேனாவை வாங்கினேன். ஊரெல்லாம் என் பேரை எழுதியவன், அந்தத் தாளில் எழுதும்போது 'கோ'வுக்குக் கொம்பு போட மறந்தேன்.

முக்கால் மணி நேரம். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். கடைசியில் டாக்டரம்மா வந்தார். "மூச்சு நல்லா இருக்கு. பல்ல ராவியாச்சி. ஆனா ஆபத்து தாண்டலீங்க. இது பட்டினி கெடந்தா கொடல் நின்னுடும். நின்னா மருந்து கேக்காது. தண்ணில கரைச்ச தீனிய ஊசியில்லாத சிரிஞ்சில ஊட்டுறோம். நாளைக் காலைக்குள்ள புழுக்கை போடணும். அதான் கணக்கு."

அறுபத்தெட்டு வயதில் ஒரு புழுக்கைக்காகச் சாமி கும்பிட்டேன். சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. கூண்டுக்குக் கீழே விரித்த வெள்ளைத் துணி அப்படியே வெள்ளையாக இருந்தது. எந்த வெள்ளையையும் நான் அத்தனை வெறுத்ததில்லை. கவிதா மருந்து வாங்கப் போயிருந்தாள். கட்டணத்தில் பாதியை எனக்குத் தெரியாமல் முருகேசன் கட்டிவிட்டு, "டயரு தப்பு என்னுதுண்ணா" என்று வண்டியில் போய்ப் படுத்துக்கொண்டான். மல்லிகா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த ரெண்டு திராட்சைக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். இனியும் தாங்காது என்று தோன்றியது.

"மல்லிகா, திராட்சை இல்ல. நான்தான். காம்ப ஆய்ஞ்சது நான்தான்."

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அந்தக் காம்ப கூடையில அள்ளினு போய் மாட்டுக்குப் போட்டது யாரு? டாக்டரம்மா சொன்னப்பவே தெரிஞ்சிபோச்சி."

"அப்ப ஏன் சொல்லல? உன் மேலயே பழி நிக்குதே!"

"உங்க மூஞ்சியப் பாத்தேன். சொன்னா அங்கயே விழுந்துடுவீங்க போல இருந்துச்சி. அப்புறம் உங்களுக்கும் ஒரு கூண்டு பாக்கணும்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா போய்ச் சொல்லுங்க. அது பொழச்சி வூட்டுக்கு வந்தா, இவங்க காரணம் தெரியாம அனுப்பிச்சா, நீங்க மறுபடியும் உக்காந்து ஆய மாட்டீங்களா, மாட்டேன்னாலும் உங்க கை சும்மா இருக்குமா?"

நேரே எழுந்து போனேன். டாக்டரம்மாவும், மருந்தோடு திரும்பிய கவிதாவும் கூண்டுப் பக்கத்தில் இருந்தார்கள். சொன்னேன். புளியிலிருந்து ஆரம்பித்து மாடு வரை சொன்னேன். கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"நைனா, தெனமுமா? ஒவ்வொரு காம்பா?"

"தெனமும்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "பிறவிலயே பல்லு கோணலா வர்றதும் உண்டு, இது ஒண்ணுதான்னு அடிச்சி சொல்ல முடியாதுங்க. ஆனா பெரிய காரணம் இதுதான். இப்பவாவது சொன்னீங்களே, காம்பு தின்னுட்டும் இப்படின்னா பிறவிக் கோணல்தான்னு நெனச்சி, வலிக்குமேன்னு மெத்துப் புல்லாவே போடச் சொல்லி எழுதி வெச்சிருந்தேன்" என்று சொல்லி, தீனிச் சீட்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். புண் ஆறியதும் காம்புப் புல், வேறொன்றும் இல்லை.

மறுநாள் விடியும்போது துணியில் மூன்று புழுக்கை கிடந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். முருகேசனை எழுப்பிக் கூட்டி வந்து காட்டினேன். பூனைக்கார அம்மா இருந்திருந்தால் அவளுக்கும் காட்டியிருப்பேன்.

இன்னும் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது ஐந்நூற்று நாற்பது கிராம். முழுசாகக் குணம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நீண்ட வேர் குறையாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நிறுக்கிறேன். டப்பாவைத் தராசில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன், மல்லிகா எண்ணைப் படிக்கிறாள். அந்தப் பயம் போகவில்லை. போகாது என்று தெரிகிறது. சாயங்காலத்தில் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் புல் பாக்கெட்டை அவள் பூட்டி வைத்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. காத்திருக்கும் அறைச் சுவரில் ஒட்டுவதற்கு டாக்டரம்மா ஒரு தாள் தயார் செய்திருக்கிறார். கவிதா போனில் அனுப்பினாள், கூட்டிப் படித்தேன். மலையில் ஒரு குடும்பம் திராட்சை கொடுத்ததாம், புல்லில் காம்பை எடுத்துவிட்டதாம், இளைத்ததை வீட்டார் நேரத்தோடு கண்டதால் பிராணி பிழைத்ததாம். என் மேல் உள்ள மரியாதையால் பேரை விட்டிருக்கிறார். எனக்கு அந்த மரியாதை வேண்டாம்.

டாக்டரம்மா, குடும்பம் காம்பை ஆயவில்லை. வீட்டார் யாரும் எடை குறைந்ததைக் காணவில்லை. பந்து மாதிரி இருக்கிறது என்றார்கள். கண்டது இந்தக் கை. ஆய்ந்ததும் இதே கை. என் பேரை முழுசாக, மு. கோவிந்தன் என்று, இரண்டு இடத்திலும் ஒரே அளவு எழுத்தில் போட்டுவிட்டு ஒட்டுங்கள். மல்லிகாவின் திராட்சையைக் கடைசி வரியில் சின்னதாகப் போட்டால் போதும். அது ரெண்டே ரெண்டுதான்.